கருவாட்டுப் பாதையின் தாகக்காரி

பனிமயம் என்று பேர் வைத்தவர்கள், அந்தப் பேரோடு அவள் ஓமன் பாலைவனத்தில் வந்து வேகப்போகிறாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா அன்று பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பது? இப்போது நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக அவள் பார்க்கும் வேலையின் பெயர் அரபியில் நீளமாக இருக்கும், ஆங்கிலத்தில் அதைவிட நீளமாக இருக்கும். தமிழ்க்காரர்கள் சுருக்கமாகத் தாகக்காரி என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுலாக் கூட்டத்தோடு நடந்து, அத்தனை பேருக்கும் சேர்த்துத் தாகம் எடுத்துத் தருவதுதான் வேலை.

சிரிக்காதீர்கள், மெய்யாகவே அதுதான் வேலை.

அன்று காலை ஆறு மணிக்கு அடிவாரக் கூடாரத்தில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த கூட்டம். ஒரே பனியன் ஆலையில் வேலை பார்க்கும் நான்கு பேர், அவர்களோடு வேலை பார்க்கும் கவின்மதி, அவள் கணவன், அவளுடைய அப்பா தெய்வசிகாமணி. பெரியவர் சர்க்கரை ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோர் கழுத்தின் பின்பக்கமும் ஒரு சின்ன வட்ட ஒட்டு இருந்தது.

"இத ஒட்டுனா என்னக்கா ஆகும்? எனக்கு இன்னும் ஒண்ணுமே தெரியலியே?" என்று கவின்மதி கேட்டாள்.

"ஒண்ணும் தெரியாமப் போறதுதாம்மா அதோட வேலையே. தாகம் தெரியாது, கால் வலி தெரியாது, வெயில் சுடுறது தெரியாது. உங்க பாட்டுக்கு வேடிக்கை பாத்துட்டே நடக்கலாம். கழட்டுனாலும் நாலு மணி நேரத்துக்கு அதோட வேலை நிக்காது."

"அப்பறம் தண்ணி எப்பக் குடிக்கறது?"

"அதுக்குத்தான் நான் இருக்கேம்லா. எனக்கு ஒட்டு கிடையாது. எனக்குத் தாகம் எடுத்தா உங்க எல்லாருக்கும் தாகம்னு அர்த்தம். நான் இந்த இடுப்புப் பொத்தானை அமுக்குவேன். உங்க முதுகுப் பையில இருக்க குழாய் தொறக்கும். ஆளுக்கு மூணு மிடறு. அப்புறம் தானா மூடிக்கிடும்."

கவின்மதியின் கணவன் படித்த பையன். அவனுக்கு இது பிடிக்கவில்லை. "இதுக்கு ஒரு கருவி வெச்சா போதாதுங்களா? ஒரு மனுஷிய எதுக்குத் தவிக்க விடோணும்?"

"வெச்சாவளே. வேர்வையப் பாத்துச் சொல்லுற கருவி. இந்தக் காத்துல வேர்வை தோலுக்கு மேல வரதுக்குள்ள காஞ்சு போவுது. மொத வருசம் நாலு பேர் விழுந்துட்டாவ. ஆள் விழுந்த பெறகும் அது பச்சை விளக்கத்தான் காட்டிக்கிட்டு கெடந்துச்சாம். சரி, இஷ்டத்துக்குக் குடிங்கன்னு விட்டாவ. தாகம் தெரியாதவன் அளவும் தெரியாமக் குடிச்சு வலிப்பு வந்து கெடந்தான். அதுக்கப்புறந்தான் கூட்டத்துக்கு ஒரு ஒட்டாத ஆள் வேணும்னு சட்டம் போட்டாவ."

எல்லோரும் அவளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் பனிமயத்துக்கு முள்ளாகக் குத்தியது. காரணம், அவளுக்குத் தாகம் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதலில் அதை ஒரு அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள். பத்து வருடம் நாக்கு வறண்டு, தொண்டை கிழிந்து, கூட்டம் குடிக்கும்போது தவிர நடுவில் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்ற விதியோடு நடந்தவள். ஒருநாள் பாதி வழியில் திடீரென்று உடம்பு லேசாக இருந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்துத்தான் பயம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து உப்புக் கருவாட்டை வெறும் வாயில் மென்று பார்த்தாள். வாய் கரித்ததே தவிர தண்ணீர் கேட்கவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் மறுநாளே ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். பதினோரு வருடத்தில் அவள் கூட்டத்தில் ஒருவர்கூட மயங்கி விழுந்ததில்லை. பாதையில் அவளுக்கு இருந்த பேரே அதுதான். அதை இழக்க மனசு வரவில்லை.

தாகக்காரர்கள் கைக்கடிகாரம் கட்டக் கூடாது. மணி பார்த்துத் தண்ணீர் கொடுத்தால் அது கருவிக்குச் சமம். வெயில் கூடியது, காற்று மாறியது எதுவும் கடிகாரத்துக்குத் தெரியாது. அதனால் பனிமயம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். ஐம்பத்து மூன்று மணியும் ஒரு சுற்று முடிந்தால் ஏறக்குறைய இருபது நிமிடம். சுற்று முடிந்ததும் தொண்டையைச் செருமி, "தண்ணி!" என்று கூப்பிடுவாள். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாதாவை ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்துகிறோமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அழுவாள். திங்கள்கிழமை மறுபடியும் மாலையை எடுப்பாள்.

நடை தொடங்கியது. முதல் ஐந்து கிலோமீட்டர் மண்மேடுகள். மழை என்றைக்கோ வந்து அரித்துவிட்டுப் போன மேடுகள், சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, விலா எலும்பு தெரிய நிற்கும். கால் வைத்தால் மண் அப்பளம் போல நொறுங்கும். ஒரு செடி இல்லை, ஒரு காக்கை இல்லை. இந்த வழியில் போகிற எதுவும் காய்ந்துதான் வெளியே வரும் என்பதால் நம் ஆட்கள் இதற்குக் கருவாட்டுப் பாதை என்று பேர் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் பாறைப் பிளவு. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிச் சுவர், நடுவில் வறண்ட ஆற்றுப்படுகை. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறினால் கழுகுத் திட்டு. மொத்தப் பள்ளத்தாக்கையும் கண் நிறையப் பார்க்கிற இடம். அதற்காகத்தான் இத்தனை பாடு.

"அடேங்கப்பா, எத்தன கலரு பாருங்கப்பா!" என்று கவின்மதி துள்ளிக்கொண்டு போனாள். ஆலை நண்பர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். பெரியவர் மட்டும் பேசாமல் கடைசியில் வந்தார். பனிமயம் அவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. வயசானவர், அமைதியான சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிளவுக்குள் நுழைந்தபோது காற்று திசை மாறியிருந்தது. வழக்கமாக அங்கே கொஞ்சம் நிழலும் குளிர்ச்சியும் இருக்கும். அன்றைக்கு அடுப்பு ஊதுகுழல் மாதிரி எதிரே இருந்து அனல் அடித்தது. பனிமயத்துக்கு முகம் எரிந்தது, அவ்வளவுதான். அவள் ஜெபமாலையில் இருபதாவது மணியில் இருந்தாள்.

"அக்கா, திட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள் கவின்மதி.

"நாலு கிலோமீட்டர்மா."

பத்து அடி போயிருக்க மாட்டார்கள். "அக்கா, திட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

பனிமயம் திரும்பிப் பார்த்தாள். கவின்மதி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவிழ்ந்த தொப்பிக் கயிற்றை முடிய முயன்றுகொண்டிருந்த விரல்கள், எது கயிறு எது காற்று என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தன. உதட்டோரத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. ஜெபமாலையில் இருபது மணிதானே ஆகிறது, இன்னும் முப்பத்து மூன்று இருக்கிறதே என்று பனிமயத்தின் மனசு கணக்குச் சொன்னது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், மரம் அறுப்பது போல வந்தது. "ஏனுங் அம்மிணி... உங்களுக்கு இன்னும் தாகம் எடுக்கலீங்களா?"

"எடுத்தாச் சொல்லமாட்டேனா ஐயா? பேசாம வாங்க," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு அல்லவா.

பெரியவர் சரியென்று தலையாட்டினார். தலையாட்டியபடியே முழங்கால் மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பனிமயம் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் வாய் திறந்திருந்தது. நாக்கு தடித்து வெடித்திருந்தது. கழுத்தின் பின்னால் இருந்த ஒட்டு பாதி உரிந்து தொங்கியது. பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான ஒட்டுகளைப் பார்த்தவள் அவள். இது ஒட்டே இல்லை. மருந்துக் கடையில் காயத்துக்கு விற்கும் சாதாரணப் பிளாஸ்திரி, ஓரத்தைக் கத்தரியால் வட்டமாக வெட்டியிருந்தார்.

முதலில் பொத்தானை அமுக்கினாள். "தண்ணி! எல்லாரும் குடிங்க! மூணு இல்ல, ஆறு மிடறு!" என்று கத்தினாள். இரண்டாம் தடவையும் அமுக்கினாள். பெரியவர் குழாயை வாயில் வைத்த வேகத்தைப் பார்த்தபோது பனிமயத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படி ஒரு ஆசையோடு தண்ணீர் குடித்து அவளுக்கு எத்தனை நாள் ஆகிறது!

மற்றவர்கள் கவின்மதியைப் பாறை நிழலில் உட்கார வைத்தார்கள். பனிமயம் பெரியவர் காதோரம் குனிந்தாள். "என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"அந்த ஒட்டு எனக்கு ஒத்துக்கலீங்க அம்மிணி. நேத்து ராத்திரி ஒட்டிப் பாத்தேன், கழுத்தெல்லாம் தடிச்சு ஒரே அரிப்பு. ஒட்டு இல்லீன்னா உள்ள விடமாட்டாங்கன்னு போட்டிருக்குது. புள்ள ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கா, என்னால அவளும் திரும்பிப் போறதா? அதான் இப்படிப் பண்ணிப்போட்டேன்."

"அப்போ காலையில இருந்தே..."

"தவிச்சுப் போயிட்டனுங்க. ஆனா உங்களுக்கே எடுக்கலியே. நீங்க பழகுன ஆளு. எனக்கு மட்டும் எடுக்குதுன்னா அது வயசுக் கோளாறாத்தான் இருக்கும்னு அடக்கிட்டு வந்தேன். நடுவுல கேட்டா மாட்டிக்குவேனேன்னு பயம் வேற."

பனிமயம் தலையில் அடித்துக்கொண்டாள். தாகம் உள்ளவர், தாகமில்லாதவளைப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! அவர் மகள் அதற்குள் நினைவு தப்பப் பார்த்தாள். இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது என்று தோன்றியது. எதையும் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, எனக்குத் தாகம் எடுக்கிறதில்ல. அஞ்சு மாசமாச்சு. ஜெபமாலைய வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பரிசோதனைக் கூடத்து ஆள். "அப்பக் கூட்டத்துல இருக்கறது என்னோட தாகம் ஒண்ணுதான்," என்று மட்டும் சொன்னார். "நான் உங்க பின்னாலயே வாறேன். எனக்கு எடுத்தா உங்க பையத் தொடறேன். நீங்க கூப்பிடுங்க."

திரும்பிப் போவதைவிடத் திட்டு பக்கம். அங்கே நிழற்கூரையும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. கவின்மதிக்குப் பேச்சு தெளிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். பனிமயம் மாலையைத் தொடவே இல்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு தடவை எட்டே நிமிடத்தில் அவர் பையைத் தொட்டார். ஒரு நிழலான வளைவில் அரை மணி நேரம் ஆகியும் தொடவில்லை. தாகம் இப்படித்தான் வரும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

பதினொன்றரை மணிக்குக் கழுகுத் திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. சிவப்புச் சுவர்கள், அவற்றின் காலடியில் காலையில் நடந்து வந்த மண்மேடுகள், அதற்கு அப்பால் வெள்ளை வெளேரென்று உப்புச் சமவெளி. கவின்மதி ஓடி வந்து பனிமயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதானுங்கக்கா இதப் பாத்தோம். நீங்க இல்லீன்னா என்ன ஆயிருப்பனோ!"

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள பனிமயத்தால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் வாக்கி டாக்கியை எடுத்து அடிவாரத்தைக் கூப்பிட்டாள். அங்கே இருந்தவன் கீழக்கரை ஜாபர் சாதிக், மேற்பார்வையாளன்.

"ஜாபர் தம்பி, ஒரு விசயம் சொல்லணும். எனக்குத் தாகம் செத்துப் போச்சு. அஞ்சு மாசமா பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளைக்கே என்னைய ஊருக்கு அனுப்பிருங்க."

கவின்மதி பிடித்த கையை விட்டாள்.

"தெரியும்க்கா," என்றான் ஜாபர்.

"என்னது?"

"நீங்க பொத்தான் அமுக்குறது எல்லாம் இங்க பதிவாகுதுல. தாகம்னா முன்னப்பின்ன வரும். உங்களுக்கு இருபது நிமிசத்துக்கு ஒருக்கா ரயில் மாதிரி வருது. அஞ்சு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு மட்டும் இல்லக்கா. மத்தக் கூட்டத்தோட போற வெள்ளத்தாய்க்கும் அப்படித்தான். முத்தரசுக்கும் அப்படித்தான். கேட்டுக் கேட்டுக் குடுக்காம விட்டா உடம்பு கேக்குறத நிறுத்திருமாம், டாக்டர் சொன்னாரு. நம்மகிட்ட இப்ப தாகம் இருக்குற ஆளே இல்ல. மேல எழுதிப் போட்டேன். ஒருத்தரும் விழலையே, பாத்துக்கலாம்னுட்டாக."

"அட பாவி மனுசா! இன்னைக்குக் காத்து மாறி அடிக்குது தெரியுமா? வெள்ளத்தாயும் முத்தரசும் எங்க இருக்காவ?"

"ரெண்டு கூட்டமும் பாதையிலதான் இருக்கு."

பனிமயம் அதற்குமேல் ஜாபரோடு பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற பொது அலைக்கு மாற்றினாள். "வெள்ளத்தாயி, முத்தரசு, நான் பனிமயம் பேசுதேன். எனக்குத் தாகம் வாறதில்ல. ஜெபமாலைய எண்ணித்தான் தண்ணி குடுக்கேன். இன்னைக்கு அந்தக் கணக்கு தப்பிப் போச்சு, ஒரு பிள்ளை விழப் பாத்துச்சு. நீங்க ரெண்டு பேரும் இப்பவே தண்ணி குடுங்க. என்கிட்ட ஒட்டு இல்லாத ஐயா ஒருத்தர் இருக்காவ. அவுக தாகம்தான் இனி நம்ம எல்லாருக்கும்."

முதலில் வெள்ளத்தாய் வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். "மதினி, நான் பாட்டுப் பாடிக்கிட்டு வாறேன் மதினி. நாலு பாட்டுக்கு ஒருக்கா குடுக்கேன். எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேனே!" கீழே இடது பக்கம், கடுகு அளவில் தெரிந்த அவள் கூட்டத்து நீலத் தொப்பிகள் நின்றன. உட்கார்ந்தன.

வலது பக்கம் சுவரை ஒட்டி மஞ்சள் தொப்பிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தன. அது முத்தரசு கூட்டம்.

"முத்தரசு, கேக்குதா?"

"கேக்குதுக்கா." குரலில் எரிச்சல். "எனக்கு ஒண்ணும் இல்ல. தாகமெல்லாம் ஒழுங்கா எடுக்குது. என் ஆளுக நல்லாத்தான் நடக்குறாக."

"என் ஆளுகளும் நல்லாத்தான் நடந்தாவ, விழுற வரைக்கும். சரி, ஒண்ணே ஒண்ணு செய்யி. ஒனக்குப் பின்னால வாற ஆளுகிட்ட அவுக பேர் என்னன்னு கேளு."

திட்டில் இருந்த எட்டுப் பேரும் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் தொப்பிகளையே பார்த்தார்கள். உலகத்தின் அழகான காட்சிகளில் ஒன்று கண்முன் இருந்தது, அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"அக்கா," என்றான் முத்தரசு. "அவரு பேரு அவருக்கு வரமாட்டேங்குதுக்கா."

"குடுல தண்ணிய!"

மஞ்சள் தொப்பிகள் நின்றன. ஒவ்வொன்றாகச் சரிந்து நிழலுக்குள் போயின. வெகுநேரம் கழித்து முத்தரசு மறுபடி வந்தான். எல்லோரும் குடித்தாகிவிட்டது, அந்த ஆளுக்குப் பேர் ஞாபகம் வந்துவிட்டது என்றான். "நான் அடி எண்ணுவேன்க்கா. ரெண்டாயிரம் அடிக்கு ஒருக்கா," என்று கடைசியில் முணுமுணுத்தான்.

அடுத்த இரண்டு மணி நேரம், பள்ளத்தாக்கில் சிதறிக் கிடந்த இருபத்திரண்டு பேரும் தெய்வசிகாமணியின் தொண்டையை நம்பிக் காத்திருந்தார்கள். அவர் தொட்டியோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. இன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து, "எடுக்குதுங்களா?" என்று கேட்டார்கள்.

"குடிங்கப்பா, போதும்," என்றாள் கவின்மதி.

"இன்னும் நல்லா எடுக்கட்டும் கண்ணு. அரைகுறையாச் சொல்லக் கூடாது." அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

பனிமயத்துக்குச் சுரீர் என்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால், முதல் நாள், அவளும் இதே பெருமையோடுதான் உதட்டை நக்கிக்கொண்டு நடந்தாள்.

வாக்கியில் ஜாபர் வந்தான். "அக்கா, அந்த ஐயா ஊருக்கு எப்பப் போறாரு? இங்கேயே வேலைக்கு இருப்பாரான்னு கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். மேல கேக்கச் சொல்றாக."

"கேக்க மாட்டேன்," என்றாள் பனிமயம். வாக்கியை அணைக்கவில்லை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே பேசினாள். "ஐயா, நீங்க குடிங்க. வயிறு நெறையக் குடிங்க. மத்தவுங்க எல்லாரும் கழுத்துல இருக்குறதப் பிச்சுப் போடுங்க. வெள்ளத்தாயி, முத்தரசு, உங்க ஆளுகளையும் பிய்க்கச் சொல்லுங்க. வெயில் தாழுற வரைக்கும் நிழல விட்டு ஒருத்தரும் நகரக் கூடாது. அதுக்குள்ள அவங்கவங்க தாகம் அவங்கவங்களுக்கு வந்துரும்."

"கால் வலிக்குமேங்க," என்றான் கவின்மதியின் கணவன்.

"நல்லா வலிக்கும். நடந்தது நீங்கதான."

ஐந்து மணிக்குமேல் இறங்கினார்கள். பாதி வழியிலேயே புலம்பல் ஆரம்பித்துவிட்டது. ஒருவனுக்கு முழங்கால், ஒருத்திக்குக் குதிகால் கொப்புளம். அய்யோ அம்மா என்ற சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பனிமயம் குழாய்கள் திறந்தே இருக்கும்படி பொத்தானைப் பூட்டிவிட்டாள். அவரவர் வேண்டும்போது குடித்தார்கள், போதும் என்றதும் நிறுத்தினார்கள். அவளுக்கு வேலையே இல்லை. முன்னால் நடந்தாள், அவ்வளவுதான். நாளை மறுநாள் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே மே மாத வெயில். யாராவது சொன்னால்தான் இனி அவள் தண்ணீர் குடிப்பாள், இல்லாவிட்டால் ஒருநாள் பேசாமல் சுருண்டு விழுவாள். இத்தனை வருடம் ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு யார் சொல்வார்கள்? அந்த நினைப்பு வந்ததும் துக்கம் தொண்டையை அடைத்தது. தாகமாக இருக்குமோ என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். இல்லை.

மண்மேடுகளில் கடைசி வெயில் சிவப்பாக விழுந்திருந்தது. பின்னால் காலை இழுத்து இழுத்து நடந்து வந்த கவின்மதி, மத்தியானம் கையை விட்டவள், பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குத் தாகமா இருக்குதுங்கக்கா," என்று குழாயைத் துடைத்து நீட்டினாள். "நீங்களும் குடிங்க."

பனிமயம் வாங்கிக் குடித்தாள்.